ஏழாம் நம்பர் கட்டிலில் சாம்பல்

என் குடல் கீழே இறங்கியது 1998ஆம் வருஷம் ஆவணி மாசத்தில். அதற்கு முன்னால் நாற்பத்தாறு வருஷம் நான் சிகரெட் பிடித்திருந்தேன். இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு என்றார் டாக்டர். இருமி இருமித்தான் குடல் இறங்கியதாம். நான் இருமினால் கோட்டை மைதானத்தில் மேய்கிற கழுதைகள் தங்களில் யாரோ கூப்பிடுவதாக நினைத்துத் திரும்பிப் பார்க்கும் என்பது ஆரணியில் எல்லாருக்கும் தெரியும். "அந்தக் கழுதைங்களும்தான் அப்படிக் கத்துது, அதுங்களுக்கு ஒண்ணும் இறங்கலையே?" என்று கேட்டேன். டாக்டர் என் சீட்டில் எதையோ எழுதினார். வேலூரிலிருந்து வியாழக்கிழமை தோறும் காரில் வந்து, அறுக்க வேண்டியவர்களை அறுத்துவிட்டுப் போகிறவர் அவர். அவ்வளவு படிப்பில் கழுதையைப் பற்றி ஒரு பக்கம் கூட இல்லை போலிருக்கிறது.

"பெரியவரே, போன வாரம் குடல் மாட்டிக்கிட்டு உயிர் போகப் பாத்துது. ஏதோ உள்ளே தள்ளி விட்டேன்" என்றார். "இன்னொரு தடவை மாட்டினா தள்ள முடியாது. ஆபரேஷன் பண்ணியே ஆகணும். அதுக்கு முன்னாடி பத்து நாள் சிகரெட்டைத் தொடக் கூடாது. ஆபரேஷன் முடிஞ்சு நீங்க இந்த இருமல் இருமினா நான் போட்ட தையல் மொத்தமும் பிரிஞ்சிடும்."

"பத்து நாள்தானே. வீட்ல இருந்துகினே நிறுத்திடறேன்."

"நிறுத்த மாட்டீங்க. இங்கேயே படுங்க. ஒண்ணே ஒண்ணு பிடிச்சதா தெரிஞ்சாலும் வெளியே அனுப்பிடுவேன். அப்புறம் குடல் மாட்டினா என்கிட்ட வராதீங்க."

திங்கட்கிழமை படுத்தேன். அடுத்த வாரத்து வியாழக்கிழமை ஆபரேஷன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாலிருந்த அந்த நர்சிங் ஹோமில் எனக்கு ஏழாம் நம்பர் கட்டில். எட்டாம் நம்பரில் வந்தவாசி அன்பழகன். ரிட்டையரான சுகாதார ஆய்வாளர். மூலத்துக்காக வந்திருந்தார். அதனால் உட்கார மாட்டார். கழுத்திலிருந்து கால் வரை போர்வையைச் சுற்றிக்கொண்டு, ஒருக்களித்துப் படுத்தபடியே உலகத்துக்கு அறிவுரை சொல்வார். அந்த உலகத்தில் அவர் பக்கம் முகம் வைத்திருந்தது நான் ஒருவன்தான்.

"நான் சிகரெட்டைப் பதினாலு தடவை விட்டவன்யா" என்றார் முதல் நாளே.

பதினாலு தடவை விட்டவன் பதிமூணு தடவையாவது திரும்பப் பிடித்தவன் என்கிற கணக்கு அந்த மனுஷருக்கு வரவில்லை. அரசாங்கம் இவரை நம்பி முப்பது வருஷம் மூன்று தாலுகாவின் சுகாதாரத்தை ஒப்படைத்திருந்தது.

"ஆசை வந்தா தண்ணி குடிங்க. ஒண்ணு ரெண்டு மூணுன்னு எண்ணிகினே மூச்சு விடுங்க."

குடித்தேன். எண்ணினேன். நாலாயிரத்து எழுநூறு வரை எண்ணியபோது, "தாத்தா, இன்னா முணுமுணுத்துகினே கீறீங்க? சாமி பேரா?" என்று நர்ஸ் கலையரசி கேட்டாள். எண்ணிக்கை விட்டுப் போயிற்று. மறுபடி ஒன்றிலிருந்து எண்ண எனக்கு மரியாதை இடம் கொடுக்கவில்லை.

இரண்டாம் நாள் இட்லியிலிருந்து ஆவி கிளம்பியதைப் பார்த்து வாயைத் திறந்துகொண்டு குனிந்தேன். மூன்றாம் நாள் கொசுவுக்குப் புகை அடிக்கிற வண்டி தெருவில் வந்தது. ஜன்னல் கம்பியில் மூக்கை வைத்து நின்றேன். மூன்று தெருவுக்கான புகையை நான் ஒருவனே இழுத்து முடித்தேன். அந்த வாரம் அந்தப் பக்கத்தில் ஒரு கொசு கூடச் சாகவில்லை என்று பிறகு சொன்னார்கள். டாக்டர் சிகரெட்டைத்தான் சொன்னார். வண்டியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

நாலாம் நாள்தான் எனக்கு விஷயம் பிடிபட்டது. வாய் அடங்கிவிட்டது. கிராம்பு போட்டால் சும்மா இருந்தது. அடங்காமல் இருந்தது கட்டை விரலும் ஆள்காட்டி விரலும்.

என் தொழில் பாவு பிணைப்பது. பாவு என்றால் தறியில் நீளவாக்கில் ஓடுகிற நூல். தறியில் ஒரு பாவு நெய்து முடிந்ததும், அதன் நூல் முனையோடு புதுப் பாவின் நூல் முனையை வைத்து ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்க்க வேண்டும். பட்டுப் பாவில் ஐயாயிரம் இழை இருக்கும். முடிச்சுப் போடக் கூடாது. பட்டு வழுக்கும் என்பதால் விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு ஒரு முறுக்கு. அவ்வளவுதான், இரண்டு நூலும் ஒரே நூலாகிவிடும். ஒரு முறை நான் பிணைத்த வேகத்தைத் தாங்க முடியாமல் தறிக்காரர் பாதியில் எழுந்து போய் மோர் குடித்துவிட்டு வந்தார். வந்து பார்த்தால் நான் பாவை முடித்து, பக்கத்துத் தறியையும் முடித்து, அவருடைய வேட்டிக் கரையையும் ஜமுக்காளத்தோடு பிணைத்திருந்தேன்.

அப்படிப்பட்ட விரல்கள் நாலு நாளாகச் சும்மா கிடந்தன. சிகரெட்டும் இல்லை, நூலும் இல்லை. ஒன்றாவது வேண்டும்.

நூல் கண்ணெதிரே இருந்தது. ஆஸ்பத்திரிப் போர்வையின் ஓரத்தில் குஞ்சம் தொங்கியது. இரண்டு கட்டிலுக்கும் நடுவே ஒன்றரை அடி. அன்பழகனின் போர்வைக் குஞ்சமும் என் பக்கம்தான் தொங்கிக்கொண்டிருந்தது. சாம்பல்தான் இல்லை. சாயங்காலம் காப்பி கொண்டு வந்த என் மனைவி விருத்தாம்பாளிடம் சொன்னேன்.

"வரட்டிச் சாம்பல் கொஞ்சம் கொண்டா."

"விபூதி கீதே, போதாதா?"

"விபூதியில பிணைச்சா ஒவ்வொரு இழைக்கும் கும்பிடு போடணும். சாம்பல் கொண்டா."

கொண்டு வந்தாள். வீட்டில் எவர்சில்வர் டப்பா பதினேழு இருக்கிறது. சம்புடம் இருக்கிறது. குங்குமச் சிமிழ் இருக்கிறது. அத்தனையும் விட்டு அவள் சாம்பலைப் போட்டு எடுத்து வந்தது ஒரு தீப்பெட்டியில். நானும் அதை யோசிக்காமல் தலையணைக்கு அடியில் வைத்தேன். முப்பத்தைந்து வருஷம் ஒருத்தியோடு குடித்தனம் பண்ணினால் அவளுடைய புத்தியும் ஒட்டிக்கொள்கிறது.

அன்பழகன் மத்தியானம் சாப்பிட்டால் மூன்று மணி நேரம் தூங்குவார். குஞ்சத்தைப் பிரித்து, இழை இழையாக அவர் போர்வையோடு என் போர்வையைப் பிணைக்கத் தொடங்கினேன். முரட்டுப் பருத்தி நூல். பட்டைத் தொட்ட கைக்கு அது தேங்காய் நார். இருந்தாலும் வாயில் எச்சில் ஊறுவது நின்றது. புதன்கிழமை சாயங்காலத்துக்குள் முந்நூற்றுச் சொச்சம் இழையும் முடிந்தது. பத்து நாளில் ஒரு சிகரெட் இல்லை. கோயில் கட்டிய ராஜாவுக்குக் கூட இவ்வளவு பெருமை இருந்திருக்காது.

வியாழக்கிழமை காலையில் தலையணை உறை மாற்ற வந்தாள் கலையரசி. தீப்பெட்டி கீழே விழுந்தது. திறந்தது. சாம்பல் கொட்டியது.

"தாத்தா! இன்னா இது?"

"சாம்பல்."

"சாம்பல்னு தெரியுது. எந்தச் சாம்பல்?"

"வரட்டி."

"நான் அன்னிக்கே நினைச்சேன், சிஸ்டர்" என்றார் எட்டாம் நம்பர். "நாள் பூரா கிராம்பு மெல்லறாரு. வாசனைய மறைக்கத்தானே அது? நான் பதினாலு தடவை விட்டவன். எனக்குத் தெரியாத வேலையா?"

டாக்டர் வந்தார். என் விரலைப் பிடித்துப் பார்த்தார். இரண்டு விரலிலும் சாம்பல் ஏறியிருந்தது.

"நூல் பிணைச்சேன், டாக்டர்."

"ஆஸ்பத்திரியில ஏது நூல்?"

"என் போர்வையையும் இவரு போர்வையையும் பிணைச்சேன்."

டாக்டர் கலையரசியைப் பார்த்தார். ஜுரம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிற பார்வை அது. அவள் என் நெற்றியைத் தொட்டாள். என் வாழ்நாளில் எத்தனையோ சொல்லியிருக்கிறேன். திருமலை மலையை ஒரு நாள் ராத்திரி தள்ளி வைத்த கதையைக் கூடச் சேத்துப்பட்டில் மூன்று பேர் நம்பினார்கள். உண்மையைச் சொன்ன அன்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்கள்.

"கடைசியா கேக்கறேன்" என்றார் டாக்டர். "பிடிச்சேன்னு ஒத்துக்கங்க. மறுபடி பத்து நாள் இருங்க, ஆபரேஷன் பண்றேன். பொய் சொல்றவருக்குப் பண்ண மாட்டேன். நாளைக்கு வீட்ல போயும் ஊதிட்டு இல்லேன்னுதான் சொல்வீங்க. தையல் பிரிஞ்சா பழி எனக்கு."

விருத்தாம்பாள் என் காதருகே வந்தாள். "ஒண்ணே ஒண்ணு பிடிச்சேன்னு சொல்லிடுங்க. உங்களுக்குப் பொய் இன்னா புதுசா? உசுரு போற விஷயம்."

"சொல்ல மாட்டேன்."

"தினமும் சொல்றீங்களே!"

"அதெல்லாம் நானா சொல்றது. இவரு கேட்டுச் சொல்றதுக்கு நான் ஆளில்லை."

"இந்த வீம்புக்கு மறுபடி குடல் மாட்டிக்கினா நான் இன்னா பண்ணுவேன்?" என்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். போன தடவை மாட்டியபோது நான் சுவரை நகத்தால் சுரண்டியது ஞாபகம் வந்தது. இருந்தாலும் அந்த மூலக்காரர் படுத்துக்கொண்டே தலையாட்டுவதைப் பார்த்தேன். அவர் எதிரில் செய்யாததைச் செய்தேன் என்று சொல்வதற்குச் செத்துப் போகலாம்.

"அப்ப சரி" என்றார் டாக்டர். "சிஸ்டர், கட்டிலைக் காலி பண்ணுங்க."

கலையரசிக்குக் கோபம். பத்து நாளாக என்னைப் பார்த்துக்கொண்டவள். என் போர்வையை இரண்டு கையாலும் பிடித்து வெடுக்கென்று இழுத்தாள். என் போர்வை வந்தது. அதன் பின்னால் எட்டாம் நம்பர் போர்வை வந்தது. அதற்குள் சுற்றிக்கொண்டிருந்த வந்தவாசி அன்பழகனும் வந்தார். கட்டிலிலிருந்து நேராகத் தரையில், எதன் மேல் உட்காரக் கூடாது என்று பத்து நாளாகப் பாதுகாத்தாரோ அதன் மேலேயே உட்கார்ந்தார்.

அவர் போட்ட சத்தத்தைக் கேட்டு வாசலில் ஆட்டோவை நிறுத்திவிட்டு இரண்டு பேர் உள்ளே ஓடி வந்தார்கள்.

அவரைத் தூக்கிக் குப்புறப் படுக்க வைத்து, ஊசி போட்டு, ஒருவழியாக அடக்கிய பிறகு டாக்டர் போர்வையை எடுத்தார். இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தார். வரவில்லை. மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"முடிச்சு எங்கே?"

"முடிச்சுப் போட்டா அது பாவு இல்லை, மூட்டை."

"எல்லாத்தையும் இப்படியேவா சேத்தீங்க?"

"நடுவில ரெண்டு இழை சரியில்லை. இவரு குறட்டையில கை ஆடிப் போச்சு."

டாக்டர் அந்தச் சேர்ப்பின் மேல் விரலை ஓட்டினார். விரலில் சாம்பல் ஒட்டியது. முகர்ந்து பார்த்தார். வரட்டிக்கும் சிகரெட்டுக்கும் வித்தியாசம் தெரிய, எவ்வளவு படித்தவராக இருந்தாலும் ஒரு மூக்கு போதும். அதை முதலிலேயே பயன்படுத்தியிருக்கலாம். அரை மணி நேரம் வீணாயிற்று. ஒரு மனுஷரின் பிருஷ்டமும் வீணாயிற்று.

"தியேட்டரை ரெடி பண்ணுங்க" என்றார். மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

முதுகில் ஊசி போட்டார்கள். இடுப்புக்குக் கீழே என் கால்கள் வேறு யாருடையவோ ஆகிவிட்டன. புத்தி மட்டும் தெளிவாக இருந்தது. நடுவில் ஒரு பச்சைத் துணியைத் திரை மாதிரிக் கட்டி, அந்தப் பக்கம் வேலை நடந்தது.

"பெரியவரே" என்றார் டாக்டர் திரைக்கு மேலே எட்டிப் பார்த்து. "அறுத்தாச்சு. இனி அனுப்ப மாட்டேன். பயப்படாம சொல்லுங்க, நிஜமாவே ஒண்ணு கூடப் பிடிக்கலையா?"

இவ்வளவு நடந்த பிறகும் கேட்கிறார்.

"ரெண்டு" என்றேன்.

கத்தரிகோல் சத்தம் நின்றது. "அய்யய்யோ, தாத்தா!" என்றாள் கலையரசி.

"எப்போ?"

"நேத்து சாயங்காலம். எட்டாம் நம்பர்தான் குடுத்தாரு. அவரும் ஒண்ணு பத்த வெச்சாரு. பதினஞ்சாவது தடவை விடறதுக்காம்."

டாக்டர் முகமூடிக்கு மேலே என் மூஞ்சியை உற்றுப் பார்த்தார். "பொய்" என்றார்.

"எப்படித் தெரியும்?"

"உண்மை சொன்னப்போ உங்க மூஞ்சி கோணிக்கிட்டு இருந்துது. இப்ப ஒழுங்கா இருக்கு."

மறுபடி கத்தரிகோல் சத்தம் கேட்டது. அந்தக் கட்டடத்தில் பத்து நாளில் ஒருவராவது ஒன்றைச் சரியாகக் கண்டுபிடித்தாரே என்று கொஞ்சம் மதிப்பு வந்தது. அது மூன்று நாள்தான் நீடித்தது. ஞாயிற்றுக்கிழமை கட்டுப் பிரித்து அவர் போட்ட தையலைப் பார்த்தேன். மண்டியில் உருளைக்கிழங்கு மூட்டை தைக்கிறவன் இதைவிட நேராகப் போடுவான். இருமலைக் குற்றம் சொன்னாரே என்று ஒரு தடவை வேண்டுமென்றே இருமிப் பார்த்தேன்.

பிரியவில்லை. அந்த அளவில் சரி.