ஒரு கேன் பிளீச்

வெந்நீர்க் குளத்தில் பிளாஸ்திரி ஒன்று மிதந்து வந்து மார்லிஸின் கழுத்துக்குக் கீழே ஒட்டிக்கொண்டது. ஊறி வெளுத்திருந்தது. நடுவில் பழுப்பாக ஒரு பொட்டு. அவள் கையால் தொடவில்லை. வாயால் ஊதினாள். அது நகர்ந்து அவள் புருஷன் வெண்டல் பக்கம் போனது. அவன் இரண்டு விரலால் எடுத்துக் கரைக்கல்லில் வைத்தான்.

"யாரோ விட்டுட்டுப் போயிருக்காங்க."

"தெரியுது."

"சூட்டுல கிருமியெல்லாம் வெந்துடும், மார்லி."

"நூத்தி நாலு டிகிரி காய்ச்சல் சூடுதான். அதுல எதுவும் வேகாது, வெண்டல். குட்டிதான் போடும்."

எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் வேடிக்கையாகச் சொல்லவில்லை.

முப்பத்தொரு வருடம் ரீனோ நகரில் ஒரு பல் மருத்துவமனையில் ஊரார் பல்லைச் சுரண்டிச் சுத்தம் செய்தவள் அவள். சீழ் பார்த்திருக்கிறாள். ரத்தம் பார்த்திருக்கிறாள். எதுவும் குமட்டியதில்லை. கையில் உறை இருந்தது, முகத்தில் மூடி இருந்தது. இங்கே எதுவும் இல்லை. குளத்தின் அடித்தரை நாக்கின் மேற்புறம் போல வழவழத்தது. எத்தனையோ நாக்குகளைப் பார்த்தவள்தான். ஒன்றின் மேலும் நின்றதில்லை.

பாலைவனத்தின் நடுவே ஆறு பேர் உட்காரும் குளம். மேலே பாறையிலிருந்து குழாய் வழியாக வெந்நீர் வந்து விழும். வழிவது ஒரு வாய்க்காலில் இறங்கிக் கீழே சதுப்புக்குப் போகும். சுற்றிலும், உள்ளேயே சமைத்துப் படுத்து வாழும் வீட்டு வண்டிகள் ஐந்தாறு நின்றன. வருடத்தில் பாதி அங்கேயே கிடப்பவர்களுடையவை. காலையும் மாலையும் இறங்குவார்கள். ஒருவர் உடம்பிலும் துணி இருக்காது. வந்த அன்றே வெண்டலும் கழற்றிவிட்டான். நீச்சலுடையோடு இருப்பவள் மார்லிஸ் மட்டும்.

"ஏம்மா, மழைக்கோட்டையும் போட்டுக்கிட்டு வந்திருக்கலாமே?" என்றாள் ரோவீனா. எழுபது வயது. இருபது குளிர்காலமாக வருகிறவள். அங்கே அவள் சொல்வதுதான் சட்டம்.

அவள் பக்கத்தில் ஆர்லோ என்ற கிழவன். அவன் வாய் திறக்கும்போதெல்லாம் மார்லிஸின் கண் தானாகப் பல்லை எண்ணியது. கீழே மூன்று, மேலே ஒன்று, நான்கிலும் காரை. அவன் தண்ணீரிலிருந்து ஒரு காலைத் தூக்கிக் கெண்டைக்கால் புண்ணைக் காட்டினான்.

"பாத்தியா? போன மாசம் எலும்பு தெரிஞ்சுது. இந்தத் தண்ணியிலயே ஊறி ஊறி எப்படி மூடிருக்கு பாரு."

பொருக்கின் ஓரம் ஊறிக் கிளம்பியிருந்தது. அவன் அதைக் கிள்ளி, பார்த்துவிட்டு, தண்ணீரில் விரலை அலசிக்கொண்டான்.

மார்லிஸ் எழுந்தாள்.

அவர்கள் வந்த வீட்டு வண்டிக்குள் கக்கூஸ் தொட்டியின் வாடை. மூன்று நாளில் முக்கால்வாசி நிரம்பிவிட்டது. காலி செய்யும் இடம் அறுபது மைலுக்கு அப்பால். அவள் உடம்பைச் சோப்புத் துணியால் மூன்று முறை துடைத்தாள். தோல் சிவந்தது. அப்போதும் எதுவோ ஒட்டியிருப்பதுபோல இருந்தது.

சனிக்கிழமைக்குள் அவள் பதில் சொல்ல வேண்டும். ரீனோ வீட்டை வாங்க ஆள் வந்திருந்தது. அதை விற்றுவிட்டு வண்டியிலேயே ஊர் ஊராக இருந்துவிடலாம் என்பது வெண்டலின் ஆசை. "ஒரு வாரம் வந்து பாரு. ஒனக்குப் பிடிக்கலன்னா இந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன்," என்றிருந்தான். எடுக்கவும் மாட்டான். அதுதான் அவளுக்குப் பயம். சாலைத் துறையில் பனி அள்ளும் வண்டி ஓட்டியவன். வேலை முடிந்து பதினான்கு மாதமாக வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். கேட்டால் ஒரு வார்த்தை. கேட்காவிட்டால் அதுவும் இல்லை. இங்கே வந்த அன்று மாலை, குளத்திலிருந்து ஒரு ஆண் உரக்கச் சிரிப்பது கேட்டு யாரென்று சன்னலில் எட்டிப் பார்த்தாள். அவள் புருஷன்.

வேண்டாம் என்று சொன்னால் அவனை மறுபடி அந்த நாற்காலியில் கொண்டுபோய் உட்கார வைக்க வேண்டும். சரி என்று சொல்லத்தான் அவளுக்கும் ஆசை. தண்ணீர் மட்டும் சுத்தமாக இருந்தால்.

புதன்கிழமை நடுவெயிலில் எல்லோரும் வண்டிக்குள் படுத்துவிட்டார்கள். வெண்டல் வாயைத் திறந்து தூங்கினான். குடிநீர்த் தொட்டியைக் கழுவ வைத்திருந்த பிளீச் கேன் அலமாரியில் இருந்தது. தொட்டியில் பதினைந்து கேலன் தண்ணீருக்குக் கால் கப். குளத்தின் அளவைக் கண்ணால் கணக்கிட்டாள். கேன் ஏறக்குறைய முழுவதும் வேண்டியிருந்தது.

கையுறை மாட்டிக்கொண்டு ஊற்றினாள். புதுத் தேய்ப்புக் கட்டையால் கற்களைத் தேய்த்தாள். பாசி சளிபோலக் கிளம்பியது. டீ வடிகட்டியால் மேலே மிதந்ததை அள்ளினாள். முடி. வெள்ளை வெள்ளையாகத் தோல். இறக்கை விரித்த ஒரு வண்டு. நகத்துண்டு ஒன்று. எல்லாவற்றையும் ஒரு பையில் கட்டினாள். இரண்டு முறை ஓங்கரித்து வந்தது. நிறுத்தவில்லை.

ஒரு மணி நேரம் கழித்துத் தண்ணீர் தெளிந்தது. அடிக்கல் தெரிந்தது. அவளுடைய பழைய வேலையிடத்தின் வாசனை வந்தது. சுற்றிப் பார்த்துவிட்டு நீச்சலுடையைக் கழற்றி இறங்கினாள். கண் லேசாக எரிந்தது. கழுத்து வரை உட்கார்ந்தாள். எதிரே மலை. யாரும் இல்லை. இப்படித்தானா இருக்கும் இவர்களுக்கு என்று நினைத்தாள். போகிற ஊருக்கெல்லாம் ஒரு கேன். அது ஒன்றும் பெரிய காரியமில்லை.

திரும்பிப் போய் வெண்டலை எழுப்பினாள்.

"சரி. வித்துடலாம்."

அவன் எழுந்து உட்கார்ந்தான். "என்னது?"

"வீட்ட. வித்துடலாம்னேன்."

அவன் அவள் கையைப் பிடித்து முகத்தில் வைத்துக்கொண்டான். பிறகு கையை முகர்ந்து பார்த்தான். பிளீச் நெடி இன்னும் போகவில்லை.

மாலையில் முதலில் வந்தவள் ரோவீனா. ஒரு காலைத் தண்ணீரில் வைத்தாள். எடுத்தாள். மூக்கைச் சுருக்கினாள். துண்டைக்கூடக் கட்டாமல் வாய்க்கால் ஓரமாகவே சதுப்பு வரை நடந்து போனாள். திரும்பி வந்தபோது உள்ளங்கையைக் குவித்திருந்தாள். அதற்குள் எல்லோரும் கூடிவிட்டார்கள். கையை விரித்துக் காட்டினாள். விரல் நுனி அளவு மீன்கள், ஏழெட்டு. வாய் பிளந்து வெளுத்துக் கிடந்தன.

"கீழ நூறு இருக்கும். கரையெல்லாம் ஒதுங்கிக் கெடக்கு," என்றாள். "எவனோ பிளீச்ச ஊத்திருக்கான்."

"எந்த நாய் செஞ்சது?" என்றான் ஆர்லோ.

மார்லிஸ் வாயைத் திறப்பதற்குள் வெண்டல் பேசினான்.

"மத்தியானம் ஒரு பிக்கப் வந்து நின்னுச்சு. வெள்ளை வண்டி. நான் சன்னல் வழியா பாத்தேன். குடும்பமா வந்து எறங்கினாங்க. அந்த ஆளு கையில ஏதோ கேன் இருந்த மாதிரி இருந்துச்சு."

"நம்பர் பாத்தியா?"

"பாக்கல. ஆளு வழுக்கை. தொப்பை வேற."

தூங்கிக்கொண்டிருந்தவன் அவன். வழுக்கையும் தொப்பையும் அவன் வாயிலிருந்து எவ்வளவு சுலபமாக வந்து விழுந்தன. எல்லோரும் அந்த வழுக்கையனைத் திட்டத் தொடங்கினார்கள். வெண்டலும் சேர்ந்து திட்டினான். அவளைப் பார்த்து லேசாகக் கண்ணை மூடித் திறந்தான், பயப்படாதே என்பதுபோல. மார்லிஸ் ஓர் அடி முன்னால் வந்தாள்.

"பிக்கப் எதுவும் வரல," என்றாள். "நான்தான் ஊத்தினேன்."

ரோவீனா அவளைப் பார்த்தாள். பார்வையில் கோபம் இல்லை. மேலுதடு மட்டும் ஒரு பக்கம் ஏறியது. மார்லிஸுக்கு அந்த முகம் தெரியும். மூன்று நாளாக அவளே வைத்திருந்த முகம். அது தன்மேல் விழுந்தால் எப்படி இருக்கும் என்று மட்டும் தெரியாமல் இருந்தது.

"எதுக்கு?" என்றாள் ரோவீனா.

"அழுக்கா இருந்துச்சு."

"கட்டையப் புடுங்க வேண்டியதுதானே?"

"என்ன கட்டை?"

ரோவீனா குனிந்து தண்ணீருக்குள் கையை விட்டாள். சங்கிலியில் கோர்த்த மர அடைப்பு ஒன்று தெரிந்தது. "வியாழக்கெழமைக்கு வியாழக்கெழமை இதப் புடுங்கிவிட்டு எல்லாருமா தேய்ப்போம். நாளைக்கு வியாழன்." சங்கிலியை விட்டாள். "இப்ப அதையும் புடுங்க முடியாது. தொறந்தா இது மொத்தமும் சதுப்புக்குப் போயி மிச்சம் மீனும் செத்துடும். கையாலதான் எறைச்சு மணல்ல ஊத்தணும்."

மேலே குழாயைத் திருப்பிவிட்டார்கள். வாய்க்கால் வாயைக் கல்லும் மண்ணும் போட்டு அடைத்தார்கள். வாளிகள் வந்தன. வெண்டலுக்கு ஒரு வாளி கொடுத்தார்கள். மார்லிஸுக்கு யாரும் கொடுக்கவில்லை. அவள் போய்ப் பாத்திரம் கழுவும் தொட்டியை எடுத்து வந்தாள். இருந்த ஒரே ஜோடிக் கையுறை மதியமே கிழிந்துவிட்டது.

தண்ணீர் இறங்க இறங்க அடியில் இருந்தது மேலே வந்தது. அவள் தேய்த்ததெல்லாம் மேல்பூச்சுதான். கற்களுக்கு இடையே கறுப்பாக, முடியும் கொழுப்புமாகப் பின்னிய சகதி. அள்ளும்போது முழங்கை வரை ஏறியது. நாலாவது தடவை அவள் புதருக்குப் பின்னால் ஓடி வாந்தி எடுத்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு வந்து மறுபடி குனிந்தாள்.

ஆர்லோ பக்கத்தில் வந்து குந்தினான். புண் அவள் முகத்துக்கு நேரே இருந்தது.

"மீன் எல்லாம் சுத்தமாத்தான் செத்துருக்கு," என்றான். "அதச் சொல்லியாகணும்."

"ஆர்லோ, காலத் தள்ளி வையி."

"ஏன், இதுலயும் ஊத்தப் போறியா?"

அவள் தொட்டியைச் சகதிக்குள் அமிழ்த்தினாள். அவன் காலை நகர்த்தவில்லை. இருவரும் அள்ளினார்கள்.

வெளிச்சம் மங்குவதற்குள் குளம் காலியானது. ரோவீனா குழாயைக் குளத்துக்குத் திருப்பினாள். கையை உதறிக்கொண்டு மார்லிஸிடம் வந்தாள்.

"ஒம்புருஷன் எப்ப வேணா வரட்டும். நீ இனிமே எறங்காத."

"சரி," என்றாள் மார்லிஸ். இறங்கச் சொன்னாலும் இறங்கியிருக்க மாட்டாள். ஆனாலும் அது உறைத்தது.

வண்டிப் படியில் வெண்டல் உட்கார்ந்திருந்தான். மாலை முழுக்க அவன் அவள் பக்கம் திரும்பவில்லை.

"எதுக்குச் சொன்ன? நான்தான் சமாளிச்சுட்டேன்ல?"

"இல்லாத ஒருத்தன திட்டிக்கிட்டு இருந்தாங்க."

"இல்லாதவன்தானே. அவனுக்கா வலிக்கப் போகுது?"

அவள் குழாயைத் திறந்து கையைக் கழுவினாள். வண்டித் தொட்டியில் தண்ணீர் குறைவு. நூல்போல வந்தது.

"சனிக்கெழமை என்ன சொல்றது?" என்றான்.

"விக்க வேணாம்னு சொல்லு."

"மத்தியானம் சரின்னியே."

"மத்தியானம் கொளத்துல நான் மட்டுந்தான் இருந்தேன்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். தோள் இரண்டும் இறங்கின. நாற்காலியில் உட்காரும் விதம்.

"வண்டிய நீ வச்சுக்க," என்றாள் மார்லிஸ். "மாசக்கணக்கா வேணாலும் இங்க வந்து இரு. நான் ரீனோவுல இருக்கேன்."

அவன் தலை நிமிர்ந்தது. "நீ இல்லாமயா?"

"நான் இல்லாமத்தான்."

"நெசமாவா சொல்ற?"

பதினான்கு மாதத்தில் அவன் அவளிடம் எதையும் இவ்வளவு வேகமாகக் கேட்டதில்லை. அந்த முகத்தில் வந்த வெளிச்சத்தை மறைக்க வேண்டும் என்றுகூட அவனுக்குத் தோன்றவில்லை.

"நெசமாத்தான்," என்றாள்.

அவன் இரண்டாம் முறை கேட்கவில்லை.