முப்பதாவது ஆள்

அடிமைப் பழக்கங்களை ஆராய்வதே என் தொழில். முதல் பத்து வருடம் சாராயம், அடுத்த பத்து வருடம் வெற்றிலை, இப்போது கைபேசி. ஊர் எதற்கு அடிமையாகிறதோ அதன் பின்னால் நானும் போவேன். கைபேசிக் கட்டுரை சஞ்சிகையில் வந்தால் எனக்குப் பேராசிரியர் பதவி. வராவிட்டால் ஓய்வுபெறும்வரை சிரேஷ்ட விரிவுரையாளர் சோமசேகரம்தான்.

ஒப்பிட்டுப் பார்க்க, கைபேசி வைத்திருந்தும் அதற்கு அடிமையாகாத முப்பது பேர் வேண்டும் என்று சஞ்சிகைக்காரர்கள் அடம்பிடித்தார்கள். இருபத்தொன்பது பேரைப் பிடித்துவிட்டேன். முப்பதாவது ஆள் திருகோணமலையில் அகப்படவே இல்லை. கோயிலில் தேடலாம் என்று போனால், ஐயரே தீபாராதனையை நேரலையாக விட்டுக்கொண்டிருந்தார்.

கடைசியில் மூதூரில் உம்மு குல்சும் கிடைத்தார். இடியப்பம் அவித்து விற்கிறவர். கத்தாரிலிருந்து மகன் அனுப்பிய போனைத் துணியில் சுற்றி அலுமாரிக்குள் வைத்திருந்தார்.

“வெள்ளிக்கிழமை மகன் கோல் எடுக்கிற நேரம் மட்டுந்தான் வெளிய எடுக்கிற சேர். மத்த நேரம் அதுக்கு என்ன வேல இரிக்கி?”

அவர் காலில் விழலாம் போலிருந்தது எனக்கு. என் வினாக்கொத்தில் இருபது கேள்விக்கும் ‘இல்லை’ என்று புள்ளடி போட்டுக் கையெழுத்து வைத்தார். நூற்றுக்குப் பூச்சியம்.

வினாக்கொத்தைக் கடதாசியில்தான் நிரப்ப வேண்டும் என்பது என் கொள்கை. போன் பைத்தியத்தைப் போனிலேயே அளப்பது, குடிகாரனைச் சாராயத் தவறணையில் வைத்துச் சோதிப்பது மாதிரி.

திரும்பி வந்து, கோட்டை வாசலடித் தேநீர்க் கடையில் பிளேன்டீ குடிக்க உட்கார்ந்தேன். அந்த ஒரு தாளுக்காகவே வாங்கிய புது பைலைப் பக்கத்து வாங்கின் மேல் திறந்து வைத்து, ஒருதரம் ரசித்தேன். மனைவிக்குச் செய்தி சொல்லத்தான் போனை எடுத்தேன், சத்தியமாக. அதற்குள் தேங்காய் உரிக்கும் குரங்கு ஒன்றின் வீடியோ வந்தது. அதன் பின்னால் இன்னொன்று வந்தது.

கைக்கெட்டியது வாய்க்கெட்டவில்லை என்பார்கள். எனக்குக் கைக்கெட்டியது ஒரு மானின் வாய்க்கு எட்டிவிட்டது. நிமிர்ந்தபோது, கோட்டையடியில் சுற்றித் திரியும் மான்களில் ஒன்று உம்மு குல்சுமின் கையெழுத்தை மென்றுகொண்டிருந்தது. தின்று முடித்து, இன்னும் இருக்கிறதா என்பதுபோல் என் முகத்தைப் பார்த்தது.

லிங்கநகர் வீட்டுக்கு வந்து சொன்னபோது என் மனைவி புஷ்பவதி அதிர்ச்சியடையவில்லை. தன் போனை என் பக்கம் திருப்பினாள். தேநீர்க் கடையில் யாரோ எடுத்த வீடியோ. மான் தாளைத் தின்கிறது. பக்கத்தில் ஒரு வழுக்கைத் தலை போனைப் பார்த்துச் சிரிக்கிறது. நாற்பதாயிரம் பேர் பார்த்துவிட்டார்கள்.

“ஆறு நிமிசம் ஓடுது,” என்றாள். “கடைசி நிமிசம் வரைக்கும் நீங்கள் நிமிரேல்லை. பேசாமல் அந்த வினாக்கொத்தை நீங்களே நிரப்புங்கோவன்.”

“அவவின்ரை பேரிலை நான் நிரப்பினால் மோசடி.”

“அவவின்ரை பேரிலை இல்லை. உங்கடை பேரிலை.”

மறுநாள் முதல் பஸ்ஸிலேயே மூதூர் போனேன். அன்று பின்னேரம் நாலு மணிக்குள் கட்டுரையை அனுப்ப வேண்டும். இன்னொரு தாள், இன்னொரு கையெழுத்து, அவ்வளவுதானே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

வாசலிலேயே கருகல் மணம் அடித்தது. குசினியில் இடியப்பப் பானை தண்ணீர் வற்றிப் புகைந்துகொண்டிருந்தது. உம்மு குல்சும் கதிரையில் தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். போன் கையில் இருந்தது. துணி நிலத்தில் கிடந்தது.

“மகன் அனுப்பினவன் சேர். விடிஞ்சதிலருந்து பாக்கன், வைக்க ஏலாம இரிக்கி.”

கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

“இது நீங்கதானே?”

ஓம் என்றேன். கடமைக்காகப் புதிய தாளை நீட்டினேன். நேர்மையான மனுசி, ஒன்றையும் மறைக்கவில்லை. நூற்றுக்கு எண்பத்தைந்து. என் பேராசிரியர் பதவியை நானே மானுக்குப் போட்டதுமல்லாமல், மாவட்டத்திலேயே தெளிவாக மிஞ்சியிருந்த ஒரே ஆளையும் கெடுத்துவிட்டேன்.

அவர் பக்கத்தில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டார். “இரிங்க சேர். மான் உங்கட முகத்தப் பாக்கிற இடம் இப்ப வரும்.”

ஒருதரம் பார்ப்போமே என்று இருந்தேன். நிமிர்ந்தபோது மணி நாலரை.