நீல மெழுகு

முழங்காலில் கத்தி வைத்த டாக்டர், பனிமலைச் சரிவில் இறங்கக் கூடாது, சமதளத்தில் மெல்லச் சறுக்கலாம் என்றார். என் மனைவி ரன்வெய்க் முதல் பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டாள். குளிர்காலம் முழுக்க என்னை வீட்டிலேயே கட்டிப்போட்டாள்.

அது ஞாயிற்றுக்கிழமை, இரவெல்லாம் பனி விழுந்து வானம் வெளுத்திருந்தது. பனிச்சறுக்குப் பலகைகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஊரே எங்கள் ஜன்னலைத் தாண்டிப் போயிற்று. கால் எப்படி இருக்கிறது என்று ஒவ்வொருவரும் நின்று விசாரித்தார்கள். அதற்குப் பதில் என்னை நாலு அடி அடித்திருக்கலாம். நான் அடுப்படிக்கும் ஜன்னலுக்கும் நடந்தேன், வெப்பமானியைப் பார்த்தேன், மறுபடி நடந்தேன்.

சரிவின் விளிம்பில் நிற்கும்போது முதலில் வயிறு இறங்கும், பிறகுதான் கால். என் துணிக்கடை, வயது, பெயர் எல்லாம் மேலேயே நின்றுவிடும். கீழே போவது வெறும் ஆள். அந்த ஆளைப் பார்த்து ஒரு வருஷம் ஆயிற்று.

நிலவறையில் என் பலகைகளுக்கு முன்னால் ரன்வெய்க் என்னைப் பிடித்துவிட்டாள்.

"சும்மா தூசி தட்டினேன்" என்றேன்.

அவள் பலகையின் அடியை விரலால் தடவினாள். "தூசி தட்டறவனுக்கு நீல மெழுகு எதுக்கு? மூட்டைகட்டி வைக்கிற பலகைக்கு எவனாவது இன்னிக்குக் குளிரைப் பார்த்து மெழுகு போடுவானா?"

மாட்டிக்கொண்டேன். பலகையின் அடியில் அன்றன்றைய குளிருக்குத் தக்க நிற மெழுகு பூசினால்தான் அது பனியில் சரியாகச் சறுக்கும்; அன்றைய குளிருக்கு நீலம். மெழுகைத் தப்பாகப் போட்டிருந்தாலாவது பொய் நின்றிருக்கும்; எங்கள் ஊரில் பிறந்தவனுக்குக் கை அப்படிப் போகாது.

வியாபாரி வழக்கப்படி மலையைக் கேட்டேன், சமதளமாய் உறைந்து கிடக்கும் ஏரி கிடைத்தால் போதும் என்ற கணக்கில். ஏரிக்குச் சரி என்று உடனே சொல்லிவிட்டாள். கேட்ட மாத்திரத்தில் படிகிற ஆளுக்குச் சொந்த அவசரம் ஏதோ இருக்கும். சுற்றிப் பார்த்தேன். கதவுக்குப் பின்னால் அவளுடைய பலகைகள் சாய்ந்திருந்தன. அடியில் அதே நீலம்.

அப்போதுதான் உறைத்தது: என்னை ஜன்னலில் விட்டுப் போக மனமில்லாமல் அவளும் இந்தக் குளிர்காலத்தில் ஒரு நாள்கூடப் போகவில்லை.

உறைந்த ஏரியை மெல்லக் கடந்தோம். அக்கரையில் மலை தொடங்குகிற இடத்தில் அவள் நின்றாள். மேலே பார்க்காமலிருக்கப் பாடுபட்டாள்.

"போயேன்" என்றேன்.

"நீ?"

"காப்பி பிளாஸ்கைக் குடுத்துட்டுப் போ. திரும்பி வரும்போது மிச்சம் இருந்தா உன் அதிர்ஷ்டம்."

ஏறினாள். வெகுநேரம் ஒரு புள்ளியாகத் தெரிந்தாள். பிறகு எங்கள் ஊர்ச் சறுக்கு முறைப்படி குதிகால் எழும்ப, ஒரு முழங்கால் மடங்க, பனித்தூளைக் கிளப்பிக்கொண்டு வளைந்து வளைந்து வந்தாள். முகம் சிவந்திருந்தது. காப்பியை நீட்டினேன், வாங்கவில்லை.

"இன்னும் ஒரே ஒரு தடவை..." என்று என்னைப் பார்த்தாள்.

"நான் ஏதாவது சொன்னேனா?"

அதற்குள் மலைப்பக்கம் திரும்பிவிட்டிருந்தாள். என் காலணிக்குள் குதிகால் தானாக எழும்பிற்று. அழுத்திக் கீழே வைத்தேன். அவள் பாதி மலை ஏறியபோது அது மறுபடி எழும்பிற்று.