டாங்கிக்கு ஆள்

மலைத் தண்ணீர் விழுகிற பீலியிலிருந்து சுமந்து வந்த குடத்தை இறக்கிவிட ஒரு கை இல்லை. ரெங்கம்மா இடுப்பைச் சாய்த்து அதை வாசற்கல்லில் தானே இறக்கினாள். கால்வாசித் தண்ணீர் சேலையில் கொட்டியது. உள்ளே, தேயிலைத் தோட்டத்து லயத்தின் ஒற்றை அறைக் காம்பராவின் மண் தரையில், பாயில் கிடந்தார் அவள் புருஷன் வீரய்யா. விடிவதற்கு முன்பே உயிர் போய்விட்டது. குளிப்பாட்ட வெந்நீர் வேண்டுமென்று மகன் அழகையா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தான். ஈர விறகு. அவன் கண் சிவந்திருந்தது புகையாலா, வேறெதனாலாவதா என்று அவள் உற்றுப் பார்க்கவில்லை.

சாவு வீடு மாதிரியே இல்லை. அந்த லயத்தில் யார் வீட்டில் உயிர் போனாலும் முதல் ஒப்பாரிக்கே பக்கத்துக் காம்பராக்காரிகள் தலைமுடியை அவிழ்த்துக்கொண்டு ஓடி வருவார்கள். இன்று ரெங்கம்மா வாய்விட்டு அழுதபோது சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு குழந்தை மட்டும் விழித்து அழுதது. அதையும் யாரோ அவசரமாக அடக்கினார்கள். அழகையா கதவு கதவாகப் போய்ச் செய்தி சொல்லிவிட்டு வந்தான். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். காலையில் வேலைக்கு ஆள் எடுக்கிற பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறோம் என்றார்கள். போனவர்கள் அங்கிருந்து அப்படியே மலைக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். இந்த வாசலைத் தாண்டிப் போகவேண்டியவர்கள்கூட லயத்தின் பின்பக்கமாகச் சுற்றிப் போனார்கள்.

சுடுகாட்டு மேடு மேலே இருந்தது. பாடையைத் தூக்க நாலு தோள் வேண்டும். வீட்டில் இருந்தது ஒரே ஒரு தோள்.

எல்லாம் அந்த டாங்கி வந்ததிலிருந்துதான்.

வயிற்றோட்டத்தில் லயத்துப் பிள்ளைகள் வரிசையாகச் செத்த வருஷம் அது. அரசாங்கத்து டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போனதும், லயத்துக்குக் கீழே பள்ளத்தில் கக்கூஸும், அதன் கழிவெல்லாம் குழாயில் ஓடிவந்து விழுகிற பெரிய சிமெண்டுத் தொட்டியும் கட்டினார்கள். அதைத்தான் டாங்கி என்றார்கள். தொட்டிக்கு அடுத்தாற்போல் உடைத்த கல்லைப் பரப்பி ஒரு பாத்தி. அழுக்கு தொட்டியில் தேங்கி, கல்லுக்குள் வடிந்து, கடைசியில் தெளிந்த தண்ணீராக ஓடைக்குப் போகவேண்டும். இதைப் பார்த்துக்கொள்ளப் படித்துப் பாஸான ஆள் இருந்தால்தான் ஆச்சு என்று டாக்டர் எழுதிவிட்டார். தோட்டத்தில் எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரிந்த கூலிகளில் வீரய்யாவும் ஒருவர். தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுவதில் அவர் கத்திக்கு ஈடில்லை. ஆனாலும் பெரிய கங்காணி தம்பையா அவரைத்தான் கூப்பிட்டார். பாஸ் பண்ணிவிட்டால் நீ கூலி இல்லை, ஓவர்சியர், கோட்டு உண்டு, தனி வீடு உண்டு என்றார்.

படிப்பு பதுளை டவுனில். அங்கே இன்னும் ரயில் போகாத காலம். அப்புத்தளையில் ஏறிப் பண்டாரவளையில் இறங்கி, அங்கிருந்து மாட்டு வண்டியில் போனார். மழைக்காலம் முழுக்க அங்கே ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருந்த தொட்டியில் வேலை பழகினார். திரும்பி வந்தவர் வாய் ஓயாமல் அதையே பேசினார். தொட்டியின் மேலே படிகிற ஆடையைக் கலைக்கக்கூடாதாம். நாற்றம் தாங்கவில்லை என்று பினாயிலை ஊற்றினால் உள்ளே வேலை செய்கிற கிருமியெல்லாம் செத்து, தொட்டி கெட்டுவிடுமாம். வடிந்த தண்ணீரைப் போத்தலில் பிடித்து மூடிவைத்து, நாள் கழித்துத் திறந்து மோந்து பார்க்கவேண்டுமாம். வாடை இல்லாவிட்டால் வேலை சரி. பரீட்சை அன்றைக்கு டாக்டர் போத்தல்களை மேசையில் அடுக்கி, எது நல்ல தொட்டியின் தண்ணீர் என்று கேட்டாராம். வீரய்யா ஒவ்வொன்றாக மோந்துவிட்டு ஒன்றைத் தொட்டாராம். டாக்டர் "குட்" என்றாராம். அந்தக் "குட்"டை அவர் சொல்லிக் காட்டும்போது ரெங்கம்மாவுக்குச் சிரிப்பு வரும். அவளுக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

சட்டிபிகேட்டைத் தோட்டத்து வெள்ளைக்காரத் தொரை வாங்கி, கண்ணாடி போட்டு ஆபீஸ் சுவரில் மாட்டிவிட்டார். பார்வையிட வருகிற அதிகாரிகளுக்குக் காட்டவேண்டும் என்று சொன்னார்கள். கோட்டு வரவில்லை. தனி வீட்டுக்குப் புதுக் கணக்கப்பிள்ளை குடிவந்தார். வீரய்யாவுக்கு டாங்கிக்காரன் என்ற பெயர்தான் வந்தது. முதலில் கேலியாகச் சொன்னார்கள். பிறகு அதுவே பெயராகிவிட்டது. பீலியில் ரெங்கம்மாவைக் கடைசியாகத் தண்ணீர் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். ஹல்துமுல்லைப் பக்கத் தோட்டத்தில் அழகையாவுக்குப் பேசிவைத்திருந்த பெண் வீட்டார் ஒரு பதிலும் சொல்லாமல் விலகிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு தகப்பனும் மகனும் ஒரே காம்பராவில் இருந்துகொண்டு பேச்சை நிறுத்திவிட்டார்கள். சோறு வைக்கும்போது இவர் சொல்வதை அவனுக்கும் அவன் சொல்வதை இவருக்கும் ரெங்கம்மாதான் சொன்னாள்.

கல் பாத்தியைக் கிளறும்போது காலில் பட்ட வெட்டுத்தான் எமனாக வந்தது. கால் வீங்கி, காய்ச்சல் ஏறி, கண் மஞ்சளாயிற்று. தோட்டத்து மருந்துத் தண்ணீருக்கு ஒன்றும் கேட்கவில்லை. நினைவு தப்பிய பிறகும் போத்தலை மூடு, போத்தலை மூடு என்றே முனகிக்கொண்டிருந்தார்.

வெயில் ஏறியதும் பெரியாயி பின்பக்கமாக வந்து ஜன்னலோரம் நின்றாள். சுவருக்கு அந்தப் பக்கத்துக் காம்பராக்காரி. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். உள்ளே வரவில்லை.

"கோவிச்சுக்காதக்கா. எம் புருசன் போவக்கூடாதுன்னுட்டாரு. டாங்கிக்கு அடுத்த ஆளு யாருன்னு தொரை நேத்தே பெரட்டுல கேட்டாராம். வீரய்யா வீட்டுப் பக்கம் யாரு போய் வர்றான்னு பாத்துச் சொல்றேன்னு பெரிய கங்காணி சொல்லிட்டாரு. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாராம். ஆனா அதக் கேட்டதுலேர்ந்து லயமே நடுங்கிக் கெடக்கு."

ரெங்கம்மாவுக்கு அப்போதுதான் விளங்கியது. இத்தனை நேரம் தீட்டு என்று நினைத்து மனதுக்குள் எல்லோரையும் ஏசிக்கொண்டிருந்தாள். இது தீட்டு இல்லை, பயம். பாடைக்குத் தோள் கொடுக்கிறவன் நாளைக்கு டாங்கிக்குப் போகவேண்டி வரும். யாரைத் திட்டுவது என்று தெரியாமல் அவள் ஜன்னல் பலகையைச் சாத்தினாள்.

தாயும் மகனுமாக வீரய்யாவைக் குளிப்பாட்டினார்கள். அழகையா தகப்பனின் கையைத் தூக்கித் தேய்த்தான். நகக் கண்ணில் இருந்த கறையை ஈர்க்குச்சியால் எடுக்கப் பார்த்தான். அது போகவில்லை. விடாமல் தேய்த்துக்கொண்டே இருந்தான். போதும் என்று அவள்தான் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

பொழுது உச்சியைத் தாண்டிய பிறகு தம்பையா கங்காணி குடையும் தலைப்பாகையுமாக வந்து வாசலுக்கு வெளியே நின்றார். நல்ல மனுசன், பொறுமைசாலி, தோட்டத்துக்கே நஷ்டம் என்று சொல்லவேண்டியதையெல்லாம் முறையாகச் சொன்னார். பிறகு டாங்கியைப் பற்றிப் பேசினார். நாலைந்து நாளாக யாரும் பார்க்காமல் அது பொங்கி வழிகிறதாம். தொரை கோபமாக இருக்கிறாராம். அழகையாவும் எழுத்துக்கூட்டி வாசிக்கிறவன்தானே, சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் அவனையும் பதுளைக்கு அனுப்பிப் படிக்க வைத்துவிடலாமாம். இல்லாவிட்டால் இந்தக் காம்பராவை அடுத்து வருகிற டாங்கிக்காரனுக்குத்தான் கொடுக்கவேண்டி வருமாம்.

"சாமி, நான் போறேன்," என்றாள் ரெங்கம்மா. "அவுகளுக்குச் சோறு கொண்டுபோயி நின்னு நின்னு எனக்கு அந்த வேல அத்தனையும் தெரியும். எம் பிள்ளைய வுட்ருங்க."

"பொம்பளைக்கு யாரு சட்டிபிகேட்டுக் குடுப்பா?" தம்பையா இரக்கத்தோடுதான் சொன்னார். "பொணத்த வச்சுக்கிட்டு வழக்குப் பேசாத ரெங்கம்மா. மழை வேற எறங்கப் பாக்குது. இவன் சரின்னா, மலையிலேர்ந்து ஆளுகள இப்பவே எறக்கிர்றேன். வர்றவனுக்கெல்லாம் முழு நாள் கூலிக்குப் பேரு போட்டுர்றேன்."

அழகையா எழுந்து வாசலுக்கு வந்தான். தாயின் முகத்தைப் பார்க்கவில்லை.

"நான் பாக்குறேங்க. அப்பாவோட சட்டிபிகேட்டக் குடுத்தீங்கன்னா, நெஞ்சுல வச்சு அனுப்பிருவேன்."

கங்காணி தொண்டையைச் செருமினார். அது எப்படி முடியும், நீ பாஸாகி வரும்வரைக்கும் சுவரில் ஒரு சட்டிபிகேட்டு தொங்கவேண்டாமா, அடுத்த மாதம் அதிகாரி வருகிறார் என்றார். எடுத்துக் கொடுக்க மனமில்லாதவர் போலத் தெரியவில்லை. நியாயத்தை எடுத்துச் சொல்கிறவர் போலத்தான் பேசினார். அழகையா தலையை ஆட்டினான்.

கங்காணி ஆபீஸை எட்டியிருக்கக்கூட மாட்டார், மலையிலிருந்து ஆட்கள் இறங்கத் தொடங்கினார்கள். கவ்வாத்துக் கத்தியை இடுப்பில் செருகியபடி ஆண்கள், கூடையை முதுகிலிருந்து கழற்றாமலே பெண்கள். தப்பு முழங்கியது. யாரோ மூங்கில் வெட்டினார்கள், யாரோ பச்சை ஓலை கொண்டுவந்தார்கள். பெரியாயி வாசலிலிருந்தே மாரில் அடித்துக்கொண்டு ஓடிவந்து ரெங்கம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். ஒப்பாரி லயத்தின் தகரக் கூரையைத் தூக்கியது. என்ன மனுசன், எப்பேர்ப்பட்ட கவ்வாத்துக்காரன் என்றார்கள். பாடைக்குத் தோள் கொடுக்க ஒருவரையொருவர் முண்டினார்கள். அழகையாவின் முதுகைத் தட்டாத ஆள் இல்லை. எல்லோர் முகத்திலும், அழுகிற முகத்தில்கூட, ஒரு நிம்மதி இருந்ததை ரெங்கம்மா பார்த்தாள். வெளியே போங்கள் என்று கத்தவேண்டும் போலிருந்தது. வந்த பெண்களுக்கெல்லாம் முறைப்படி கை கொடுத்து, மாரடித்து, அவர்களோடு சேர்ந்து அழுதாள்.

தோட்டத்தில் அவ்வளவு பெரிய சாவு ஊர்வலம் அதுவரை போனதில்லை என்று பிற்பாடு சொன்னார்கள். பெண்கள் லயத்துக் கோடியோடு நின்றுவிட்டார்கள். பாடை தேயிலைக்கு நடுவே ஏறி, மூடுபனிக்குள் போய் மறைந்தது. தப்புச் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தது.

காரியம் முடிந்து குளித்துவிட்டு, மொட்டைத் தலையில் தண்ணீர் சொட்டச் சொட்ட அழகையா திரும்பி வந்தான். இன்னும் வெளிச்சம் இருந்தது. சாவு வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது என்று பெரியாயி கஞ்சி காய்ச்சிச் சட்டியோடு கொண்டுவந்தாள். ரெங்கம்மாவின் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்து, கிண்ணத்தை அவள் கையில் வைத்து, ரெண்டு வாயாவது குடியக்கா என்று தோளைத் தடவிக்கொடுத்தாள். பிறகு எழுந்து வாசற்படிக்குப் போனாள். அங்கே உட்கார்ந்திருந்த அழகையா கோப்பையை நீட்டினான். பெரியாயி அகப்பை அதில் பட்டுவிடாமல் உயரத் தூக்கிப் பிடித்து ஊற்றினாள். கஞ்சி தெறித்து அவன் மணிக்கட்டில் விழுந்தது.

"இன்னும் கொஞ்சம் ஊத்தவா தம்பி?" என்றாள் வாஞ்சையாக.

அழகையா அவளை நிமிர்ந்து பார்த்தான். பிறகு கோப்பையைத் தரையோரமாகத் தாழ்த்திப் பிடித்தான்.