சொந்த நாட்டு வண்டி

கார் தொழிற்சாலையில் கதவு மாட்டும் லைனில் பதினாறு வருடம் நின்றவள் என்பதால், எல்லோருக்கும் அவள் கதவக்கா. சாத்தும் சத்தத்தை வைத்தே கீல் எத்தனை நூல் விலகியிருக்கிறது என்று சொல்லிவிடுவாள். அவளுடைய கூடப்பிறந்த அண்ணன்தான் அங்கே யூனியன் செயலாளர். கணவனும் அதே கம்பெனியில் வெல்டராக இருந்தவன்தான். போன வருட ஆட்குறைப்பில் அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்தப் பட்டியலில் நிர்வாகத்தோடு சேர்ந்து கையெழுத்துப் போட்டது அண்ணன்.

ஒன்பது மாதம் வீட்டில் சும்மா கிடந்தவனுக்கு, ஊரின் மறுகோடியில் ஒரு வெளிநாட்டுக் கம்பெனி திறந்த தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. ஆறே மாதத்தில், ஊழியர்களுக்கான சலுகை விலையில் அவர்கள் காரையே வாங்கி வந்து வாசலில் நிறுத்தினான். கதவக்கா நாலு கதவையும் திறந்து சாத்திப் பார்த்தாள். குறை சொல்ல ஒன்றும் இல்லை. அதுவே அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

"பக்கத்துத் தெருவுல நிறுத்தக் கூடாதா? அண்ணன் பாத்தா என்ன நினைப்பாரு?"

"நினைக்கட்டும். அதுக்காகத்தானே வாங்கினேன்."

அந்தச் சமயம் பார்த்துத்தான் அவள் கம்பெனியில் விற்பனை படுத்துவிட்டது. 'சொந்த நாட்டு வண்டியையே வாங்குங்கள்' என்று யூனியன் ஊரெல்லாம் தட்டி வைத்தது. தங்கள் காரின் எஞ்சின் வெளிநாட்டிலிருந்து பெட்டி பெட்டியாகக் கப்பலில் வந்து இறங்குவது லைனில் நிற்கும் அத்தனை பேருக்கும் தெரியும். ஒருத்தரும் வாய் திறக்க மாட்டார்கள். அடுத்த ஆட்குறைப்புப் பட்டியல் தயாராகிறது என்று பேச்சு. கம்பெனி பஸ்ஸையும் நிறுத்திவிட்டார்கள். அதனால் கணவன்தான் காலையில் தன் காரில் அவளைத் தொழிற்சாலைத் தெருமுனை வரை கொண்டுவந்து விடுவான்.

அன்று மழை கொட்டியது. "நனைஞ்சுக்கிட்டா போவே?" என்று சொல்லிவிட்டு நேராகத் தொழிற்சாலை கேட்டுக்கே ஓட்டினான். "இங்கயே நிறுத்துங்க, இங்கயே!" என்று அவள் கத்தியது காதில் விழாத மாதிரி இருந்தான்.

கேட்டில் ஐம்பது அறுபது பேர் தட்டியோடு நின்றார்கள். காரைச் சுற்றி வளைத்துக்கொண்டார்கள். "செயலாளர் வீட்டு மாப்பிள்ளையோட வண்டியப் பாருங்கப்பா!" என்று ஒருவன் குரல் கொடுக்க, கூட்டம் கொல்லென்று சிரித்தது. முன்வரிசையில் நின்ற அண்ணனின் முகம் கறுத்துப்போனது.

கணவன் கண்ணாடியை இறக்கினான். "மச்சான், இது இதே ஊர்ல நான் வெல்டிங் வச்ச வண்டி. உங்க எஞ்சின் எந்தக் கப்பல்ல வந்துச்சுன்னு இவங்ககிட்டச் சொல்லுங்களேன்."

சிரிப்பு நின்றுவிட்டது. அண்ணன் யாரிடமோ ஒரு சுத்தியலை வாங்கினான். காரை அடிக்கப் போகிறான் என்றுதான் அவள் நினைத்தாள். அவன் அவள் பக்கத்துக் கதவைத் திறந்து, சுத்தியலை அவள் மடியில் வைத்தான்.

"நீயே அடிம்மா."

"அண்ணே..."

"பட்டியல் இன்னும் முடியல. எல்லாரும் பாத்துட்டு இருக்காங்க. நீ எந்தப் பக்கம்னு காட்டு."

இறங்கினாள். கணவன் அசையவில்லை. முதல் அடியைப் பயத்தில் அடித்தாள். ஒரு ஹெட்லைட் பொலபொலவென்று உதிர்ந்தது. கூட்டம் கைதட்டியது. இரண்டாவதை அடிக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. ஒன்பது மாதமும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு, அவள் சம்பளத்தில் சாப்பிட்டுக்கொண்டே அவள் அண்ணனைத் திட்டியவன் மேல் இருந்த ஆத்திரமெல்லாம் கைக்கு வந்துவிட்டது. மூன்றாவது அடியை முன்கண்ணாடியில், அவன் முகத்துக்கு நேராக அடித்தாள். அது சுகமாக இருந்தது.

அவன் இறங்கி வந்தான். சீட்டில் அவள் விட்டுப்போன சாப்பாட்டுப் பையை எடுத்து அவள் தோளில் மாட்டினான். "போ, ஷிப்டுக்கு நேரமாச்சு" என்று சொல்லிவிட்டு வண்டியைப் பின்னால் எடுத்தான்.

வெள்ளிக்கிழமை பட்டியல் ஒட்டினார்கள். அவள் பெயர் ஏழாவதாக இருந்தது. யூனியன் அறைக்கு ஓடினாள்.

"ஒரு வீட்டுக்கு ஒரு சம்பளம்னு முடிவாச்சு. மாப்பிள்ளைதான் நல்லா சம்பாதிக்கிறாரே" என்றான் அண்ணன்.

"அப்புறம் அன்னைக்கு எதுக்கு என்னை அடிக்கச் சொன்னீங்க?"

"அன்னைக்கு இன்னும் முடிவாகலம்மா."

கார் சரியாகித் திரும்பி வந்தது. கணவனின் தொழிற்சாலையில் கதவு லைனுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். மானத்தை விட்டு, அவன் சாப்பிடும்போது பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள்.

"எனக்காக ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்களேன்."

"சொன்னேன். எடுக்க மாட்டாங்களாம்."

"ஏன்?"

"வண்டிய அவங்களே சரி பண்ணிக் குடுத்தாங்க. அதுக்கு ஒரு படிவம். யார் உடைச்சதுன்னு கேட்டிருந்துச்சு. எழுதினேன்."

"கூட்டத்துல யாரோன்னு எழுதியிருக்கலாமே?"

"எழுதியிருக்கலாம்" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனான்.

திங்கட்கிழமை அவளே அந்தத் தொழிற்சாலைக்குப் போனாள். ஆளெடுக்கும் பெண் கணினியில் அவள் பெயரைப் பார்த்துவிட்டு, "வெளிய உக்காருங்க, கூப்பிடறேன்" என்றாள். ஷிப்ட் முடியும் வரை கூப்பிடவில்லை. கணவன் நாலு பேரோடு வெளியே வந்தான். அவளைக் காட்டி, சுத்தியலை ஓங்குவதுபோல் கையை ஓங்கி அவர்களிடம் ஏதோ சொன்னான். நாலு பேரும் அவளைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள், அவனும் சிரித்தான்.