உட்கார முடியாத முக்காலி

நான் இணையத்தில் விற்கும் முக்காலி ஒரு சாண் உயரம்தான், பூந்தொட்டி வைப்பதற்கானது. அன்று மூன்றாவது முக்காலியும் திரும்பி வந்தது. காரணம் என்ற இடத்தில், "உட்கார முடியவில்லை" என்று எழுதியிருந்தார்கள். இன்னொன்று திரும்பினால் என் விற்பனைப் பக்கத்தையே நீக்கிவிடுவதாகத் தளத்திலிருந்து எச்சரிக்கையும் வந்துவிட்டது.

பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்த நாத்தனார் சிரித்தாள். "அளவைத்தான் கொட்டை எழுத்துல போட்டிருக்கே அண்ணி. படிக்காம முக்காலியை வாங்கிட்டு, அப்புறம் நம்ம உயிரை வாங்குறாங்க!"

"படத்தைப் பாத்துதானே வாங்குறாங்க? படத்துல அது தனியா, கம்பீரமா நிக்குது. தெரிஞ்ச பொருள் ஒண்ணு கூட இருந்தாத்தான் கண்ணு அளவு பிடிக்கும். உன் டீ கப்பைக் கொடு."

"ஐயோ, இன்னும் குடிச்சு முடிக்கல!"

பிடுங்கி முக்காலியின்மேல் வைத்தேன். கப் பாதி இடத்தை அடைத்துக்கொண்டது. முக்காலி சட்டென்று தன் உண்மையான அளவுக்குச் சுருங்கிவிட்டது. அப்படியே படமெடுத்து ஏற்றினேன்.

அந்த மாதம் பதினொன்று விற்றன, ஒன்றுகூடத் திரும்பவில்லை. ஒரே ஒருவர் மட்டும் கேள்வி அனுப்பியிருந்தார்: "கப்பும் சேர்ந்து வருமா?"

நாத்தனார் தன் கப்பை எடுத்து முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.