முடிச்சு மட்டும்

1

இந்தக் கதை முழுக்க என் சரக்கு இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் வந்து சட்டையைப் பிடிக்கக் கூடாது. ஒரு பெரிய கடையில், குழந்தைச் சாமான்கள் அடுக்கியிருக்கும் வரிசையில், எனக்கு முன்னால் ஒரு கணவனும் மனைவியும் நின்றிருந்தார்கள். இருவருக்கும் அறுபதை ஒட்டிய வயது. அவர் கையில் ஒரு டயபர் பொட்டலம். அந்த அம்மா அவரிடம் ஏதோ சொன்னார். அதன் கடைசி வாக்கியம் என் காதில் விழுந்தது. நான் வாங்க வந்த சோப்பை வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அந்த வாக்கியத்தை இப்போது சொல்லமாட்டேன். சொன்னால் நீங்கள் இங்கேயே எழுந்து போய்விடுவீர்கள், என் பிழைப்பு என்னாவது? எந்த வீட்டில், எந்தச் சண்டைக்குப் பிறகு அப்படியொரு வாக்கியம் பிறந்திருக்க முடியும் என்று நானாகக் கட்டிய கதையைத்தான் படிக்கப் போகிறீர்கள்.

2

முதல் தொடக்கம்:

"அந்தக் காலத்தில் மொட்டைமாடிக் கொடிகளில் வெள்ளைத் துணிகள் படபடத்தன, அவை தாய்மையின்..."

[தாய்மையின் என்ன? இதை எழுதியவன் ஒரு துணியைக்கூட அலசியதில்லை என்பது பளிச்சென்று தெரிகிறது. விட்டுவிட்டேன்.]

இரண்டாவது தொடக்கம்:

"பார்சல்காரருக்குப் பேத்தியை வளர்க்கும் ஆசை வந்தது."

இது தேவலை. அலங்காரம் இல்லை, ஆளும் இருக்கிறார், ஆசையும் இருக்கிறது. இதையே வைத்துக்கொள்வோம்.

பார்சல்காரர் வேலைக்காலம் முழுவதும் ஒரே பார்சல் அலுவலகத்தில் கழித்தவர். வருகிற சாமானைச் சாக்கில் பொதிந்து, சணல் கயிற்றால் கட்டி, விலாசச் சீட்டு ஒட்டி அனுப்புகிற பிரிவு. இப்போது ஓய்வு பெற்று வீட்டில் செய்தித்தாளை இரண்டு முறை படிக்கிறார். அவர் மனைவியை டெலிபோன்காரம்மா என்று வைத்துக்கொள்வோம். தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுக்கிற வேலையில் சேர்ந்தவர். அந்த வேலையே உலகத்தில் இல்லாமல் போனபிறகு ஒரு மருத்துவமனையின் வரவேற்பு மேசைக்கு மாறினார். இன்றும் காலையில் டிபன் பாக்ஸோடு கிளம்பிவிடுகிறார்.

மூத்த மகள், வீட்டில் எல்லோருக்கும் "பெரியவள்", பிரசவத்துக்கு வந்தவள் கைக்குழந்தையோடு இன்னும் இங்கேதான் இருக்கிறாள். விடுப்பு முடியப்போகிறது. குழந்தையைப் பகலில் காப்பகத்தில் விடுவதா, தாத்தாவிடம் விடுவதா என்பதுதான் கேள்வி. மருமகன் வெளியூரில் வேலையில் இருக்கிறார், அவருக்கு இந்தக் கதையில் வேலை இல்லை.

3

"காப்பகம் எதுக்கு? நான் சும்மாதானே உட்கார்ந்திருக்கேன். பிள்ளையை நான் பார்த்துக்கறேன்" என்றார் பார்சல்காரர்.

"யாரு, நீங்களா?" டெலிபோன்காரம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே சிரித்தார். "பெத்தது ரெண்டு. ஒண்ணுக்காவது ஒரு துணி மாத்தியிருப்பீங்களா? இப்ப பேத்திக்கு மாத்தப் போறாராம்."

"யாரு சொன்னா? பெரியவளுக்கு மாத்தியிருக்கேன்."

"எப்போ, கனவுலயா?"

"சாயங்கால ஷிஃப்டுக்கு நீ போயிருக்கறப்போ."

"அப்ப பிள்ளையைப் பார்த்துக்கிட்டது மாடிவீட்டு அக்கா. நான் வேலை முடிஞ்சு வரப்போ இவ காய்ஞ்ச துணியோட தூங்கிட்டிருப்பா. நனைஞ்சதையெல்லாம் வாளியில ஊறப்போட்டு வச்சிருப்பாங்க. அந்தப் புண்ணியவதியை ஒரு குறை சொல்ல முடியாது. முடிச்சுதான் கொஞ்சம் இறுக்கிப் போட்டுருவாங்க."

"ஆபீஸ் விட்டு வந்ததும் அக்காகிட்ட இருந்து பிள்ளையை வாங்கிட்டு வந்தது நான்தானே?"

"வாங்கிட்டு வந்து தொட்டில்ல போட்டுட்டு ரேடியோ கேட்டிருப்பீங்க."

பார்சல்காரர் செய்தித்தாளை மறுபடி விரித்தார். பழைய ரேடியோ ஒன்று அந்த வீட்டில் இருந்தது உண்மைதான். அதை அவர் கேட்டதும் உண்மைதான். ஒரு பாதி உண்மையாக இருந்தால் மற்றப் பாதியை மறுக்கத் தெம்பு வருவதில்லை. பெரியவள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு அப்பாவை நம்ப ஆசை. ஆனால் அடமானம் வைக்க வேண்டியது தன் பிள்ளையை.

[இந்த இடம்வரை எழுதி என் தங்கையிடம் காட்டினேன். இரண்டு பிள்ளை பெற்றவள். "அண்ணா, நீ ஒரு குழந்தையையாவது தூக்கியிருக்கியா?" என்றாள். தூக்கியிருக்கிறேன், அது உடனே என் மடியை நனைத்துவிட்டது, திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்றேன். "அப்ப துணியைப் பத்தி என்கிட்ட கேட்டு எழுது" என்றாள். அடுத்த பகுதியில் இருக்கும் சத்தியமெல்லாம் அவளுடையது.]

4

பழைய பேச்சு தொடங்கிவிட்டால் அந்த வீட்டில் அடுப்பு தன்பாட்டுக்கு எரிந்துகொண்டிருக்கும்.

டெலிபோன்காரம்மாதான் ஆரம்பித்தார். பெரியவள் வயிற்றில் இருக்கும்போதே நைந்துபோன படுக்கை விரிப்புகளைச் சேர்த்துவைத்தார்களாம். புதுத்துணி உறுத்தும், பழசுதான் பூப்போல இருக்கும். சதுரமாகக் கிழித்து, ஓரம் அடிக்காமல் (அடித்தால் தையல் தொடையில் உரசும்), துவைத்துத் துவைத்து இன்னும் மெதுவாக்கி, பெட்டியில் அடுக்கினார்களாம். முக்கோணமாக மடித்துக் கட்டுவது. கட்டிய கை ஈரம் காய்வதற்குள் அடுத்ததை எடுப்பது.

"வெயில் காலம்னா கவலையே இல்ல. கொடியில போட்டு, ஒரு வாய் காபி குடிச்சுட்டு வந்தா மொடமொடன்னு காய்ஞ்சிருக்கும். அந்த வாசனை இருக்கே..." அவர் கையில் இருந்த வெங்காயத்தை மறந்துவிட்டு மூக்கை உயர்த்தினார். "மழைக்காலம்தான் உயிரை வாங்கும். நாற்காலி முதுகு, கதவு, ஜன்னல் கம்பி, எங்க பார்த்தாலும் துணி. இஸ்திரிப் பெட்டியை வச்சுத் தேய்ச்சுத் தேய்ச்சுக் காய வைப்பேன். வீடு பூரா ஆவி. வந்தவங்க உட்கார இடம் இல்லாம நின்னுட்டே பேசிட்டுப் போவாங்க."

"மேல ஒரு பிளாஸ்டிக் ஜட்டி போடுவோமே" என்றார் பார்சல்காரர், மெல்ல.

"அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பார்த்திருக்கேன்ல."

"பார்த்திருப்பீங்க, பார்த்திருப்பீங்க."

ஆனால் அந்த அம்மாவின் முகத்தில் அப்போது எரிச்சலே இல்லை என்று நான் நினைக்கிறேன். இடுப்பு ஒடிந்த காலம்தான். இருந்தாலும் அந்தக் காலம் வேண்டும் போல இருந்தது. அப்போது கை நிறையப் பிள்ளை இருந்தது.

5

இந்தப் பகுதியை எழுதும்போது மட்டும் நான் கஷ்டப்படவே இல்லை. இருவரும் சேர்ந்து சொல்வதால், நான் வெறுமனே பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

பெரியவளுக்குப் பிறகு வெகுகாலம் கழித்துச் சின்னவன் பிறந்தான். அதற்குள் டயபர் வந்துவிட்டது. மருந்துக்கடையில் பொட்டலத்தைப் பிரித்து ஒவ்வொன்றாக விற்பார்கள், காகிதத்தில் சுற்றி, ஏதோ கள்ளச்சரக்கு மாதிரி. வெளியூர்ப் பயணத்துக்கு என்று ஒன்று வாங்கினார் பார்சல்காரர். போட்டார்கள், போனார்கள், வந்தார்கள், ஒரு சொட்டு வெளியே வரவில்லை. வீடே அதிசயித்தது.

"அவ்வளவு விலை கொடுத்து வாங்கினதை ஒரே தடவையில தூக்கிப் போட மனசு வருமா?" என்றார் டெலிபோன்காரம்மா.

"துவைச்சா!" என்று தொடையில் தட்டினார் பார்சல்காரர்.

"நான் மட்டுமா? பிரஷ்ஷைக் கொண்டா, தேய்ச்சுக் குடுக்கறேன்னது யாரு?"

தேய்த்திருக்கிறார்கள். தேய்க்கத் தேய்க்க அது ஊதியிருக்கிறது. தலையணை அளவுக்கு வந்ததும் பயந்துபோய் முறுக்கிப் பிழிந்திருக்கிறார்கள். வயிறு வெடித்து, வழவழவென்று ஏதோ கொட்டி, குளியலறைச் சாக்கடை அடைத்துக்கொண்டது. மிச்சத்தைக் கொடியில் கிளிப் போட்டு மாட்டினார்கள். வெயில் போய் மறுவெயில் வந்தும் அது காயவில்லை. சாக்கடையைச் சரிசெய்ய வந்தவர் குழாய்க்குள் குச்சியை விட்டுப் பார்த்து, "என்ன சார் உள்ள, மீன் முட்டையா?" என்று கேட்டாராம்.

பெரியவள் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். மடியில் இருந்த குழந்தையும், காரணம் தெரியாமல், பொக்கை வாயைத் திறந்தது. அந்த ஒரு நிமிடத்துக்கு அந்த வீட்டில் யாருக்கும் யார்மேலும் வழக்கு இல்லை.

[இங்கேயே முடித்துவிடலாமா என்று யோசித்தேன். சிரிப்பில் முடிகிற கதைக்குப் பாராட்டுகள் வரும். ஆனால் குழந்தையை யார் பார்த்துக்கொள்வது என்பது அப்படியே கிடக்கிறதே.]

6

குழந்தைக்கு டயபர் போட்ட இடம் சிவந்து புண்ணாகிவிட்டது. மருத்துவர், "கொஞ்ச நாளைக்குத் துணியே கட்டுங்க, காத்து படட்டும்" என்று சொல்லிவிட்டார். பழைய விரிப்பு ஒன்று மறுபடி கிழிபட்டது. வெறும் வாயை மெல்லுகிறவளுக்கு அவல் கிடைத்த மாதிரி, டெலிபோன்காரம்மா ஒரு துணியை எடுத்துக் கணவர் மடியில் போட்டார்.

"கட்டுங்க பார்ப்போம். சரியாக் கட்டிட்டா காப்பகமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். பிள்ளை உங்க பொறுப்பு."

"கட்டுங்கப்பா" என்றாள் பெரியவள். அந்தக் குரலில் கெஞ்சல் இருந்தது.

பார்சல்காரர் துணியை விரித்தார். பேத்தியைத் தவிர வேறொன்றும் அங்கே கிடப்பதாக அவருக்குப் பட்டது. தான் ஒரு தகப்பனாக இருந்தேனா இல்லையா என்பதற்கு அந்த வீட்டில் வேறு சாட்சி இல்லை. மாடிவீட்டு அக்கா காலமாகி வருடங்கள் ஆகிவிட்டன.

இனி நடப்பது:

(அ) அவர் அழகாக மடித்துக் கட்டுகிறார். எல்லோரும் கைதட்டுகிறார்கள். [இது விளம்பரப் படம். அடித்துவிட்டேன்.]

(ஆ) அவர் தடுமாறுகிறார். துணி நழுவுகிறது. அம்மா சிரிக்கிறார். குழந்தை காப்பகத்துக்குப் போகிறது. [இது எனக்குப் பிடித்திருந்தது. கதை எழுதுகிறவனுக்குப் பிறத்தியார் மூக்குடைபடுவதில் ஓர் அற்ப சந்தோஷம் உண்டு. இரண்டு பக்கம் எழுதியும் விட்டேன். ஆனால் அவருடைய விரல்கள் எனக்கு அடங்கவில்லை. அப்போதுதான் உறைத்தது. அவருக்குப் பார்சல்காரர் என்று பெயர் வைத்தவனே நான்தான், வைத்துவிட்டு மறந்துவிட்டேன். ஆயுள் முழுக்கக் கட்டுக் கட்டிய கை, ஒரு துணியை எப்படிக் கட்டும்?]

(இ) மடிப்பு கோணலாகத்தான் வந்தது. ஒரு பக்கம் நீளம், ஒரு பக்கம் குட்டை. டெலிபோன்காரம்மா உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். ஆனால் முனைகள் இடுப்பில் சேர்ந்ததும் பார்சல்காரர் கை தானாக ஓடியது. இரண்டு சுற்று, அடியில் ஒரு நுழைப்பு, வெடுக்கென்று ஓர் இழுப்பு. பிறகு கட்டிய இடத்தை உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினார், வண்டியில் ஏற்றலாம் என்பதுபோல. குழந்தை அவரைப் பார்த்துக் காலை உதைத்தது.

"துணி கட்டச் சொன்னா பிள்ளையைப் பார்சல் பண்ணிட்டீங்களே!" என்று டெலிபோன்காரம்மா சிரித்துத் தீர்த்தார்.

குழந்தையும் தன் பங்குக்கு உடனே துணியை நனைத்தது.

7

மாற்றுவதற்காக டெலிபோன்காரம்மா குனிந்தார். முடிச்சு அவிழவில்லை. ஈரம் பட்டதும் அது இன்னும் இறுகிவிட்டது. நகத்தால் நிமிண்டினார். மறுபக்கம் இழுத்தார். அசையவில்லை. "என்ன எழவு முடிச்சுடா இது" என்று சலித்துக்கொண்டு, குனிந்து, பல்லால் கடித்தார்.

கடித்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

ஈரத்துணியின் ருசி. மூக்கருகே குழந்தையின் வயிறு. இந்த முடிச்சை அவர் பல்லுக்குத் தெரியும். வேலை முடிந்து, காதில் இன்னும் மணிச்சத்தம் கேட்டுக்கொண்டிருக்க, கால் கழுவிவிட்டு வந்து, தூங்குகிற பெரியவளின் இடுப்பில் எத்தனையோ முறை இதே மாதிரி குனிந்து கடித்திருக்கிறார். "இந்த அக்கா ஏன்தான் இப்படிக் கட்டறாங்களோ" என்று மனதுக்குள் திட்டியிருக்கிறார். திட்டிய கையோடு நன்றியும் சொல்லியிருக்கிறார். அந்த அக்கா வீடு மாறிப் போனபோது கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறார். அக்கா ஒன்றும் புரியாமல் விழித்ததுகூட இப்போது ஞாபகம் வந்தது.

அக்கா ஒருநாளும் சாக்குக் கட்டியதில்லை.

அவருக்கு முதலில் வந்தது மகிழ்ச்சி இல்லை, கோபம்தான். இத்தனை வருட நன்றி விலாசம் தவறிப் போய்ச் சேர்ந்திருக்கிறது. இத்தனை வருடக் குறையும் தவறான ஆளிடம்தான். ஏமாற்றியவர் யாரும் இல்லை, அதனால் சண்டை பிடிக்கவும் ஆள் இல்லை. பிறகுதான் பல்லை முடிச்சிலிருந்து எடுத்தார். அதற்குப் பிறகு இன்னொன்றும் தோன்றியது. வாளியில் ஊறியதை அலசியது நான்தான். மழைக்காலத்தில் இஸ்திரிப் பெட்டியோடு நின்றது நான்தான். அது எந்த முடிச்சாலும் மாறாது.

[தங்கை கேட்டாள்: "அந்த ஆள் அப்பவே சொல்லித் தொலைச்சிருக்கலாமே?" சொன்னாரே. மூன்றாவது பகுதியைப் பாருங்கள். சொன்னார், கனவுலயா என்று கேட்டார்கள், ரேடியோவைச் சொல்லி வாயை அடைத்துவிட்டார்கள்.]

"என்னம்மா, வரலையா? கத்தரி எடுத்துட்டு வரவா?" என்றாள் பெரியவள்.

"இழுக்காத. இழுத்தா இறுகும்" என்றார் பார்சல்காரர், அடிபட்ட குரலில். மண்டியிட்டு உட்கார்ந்து, கட்டைவிரலால் முனையை உள்ளே தள்ளினார். முடிச்சு தானாக அவிழ்ந்தது. "அவ்வளவுதான்."

இருவர் தலையும் குழந்தைக்கு மேலே அருகருகே இருந்தன. டெலிபோன்காரம்மா அவரைப் பார்த்தார்.

8

இங்கே அந்த அம்மா என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

"இதை அப்பவே சொல்லியிருக்கக் கூடாதா, என் பல்லாவது..."

"நாளையில இருந்து நீங்களே பிள்ளையை..."

"ஒண்ணுமில்ல. போய் டவலை எடுத்துட்டு..."

மூன்றையும் பாதியிலேயே விட்டிருக்கிறேன். முடித்தால் என் குரலாகிவிடுகிறது. தெரிந்துகொண்டதைச் சொன்னால் தன் பழைய குறையை அவர் இழக்க வேண்டும், சொல்லாவிட்டால் கணவர் பேத்தியை இழப்பார். அந்த வீட்டுக்கு வெளியே நிற்கிற நான் இதில் கை வைக்க முடியாது.

என்னிடம் உள்ளது அந்தக் கடை மட்டும்தான். அந்தப் பெரியவர் டயபர் பொட்டலத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அதை உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினார். அதைப் பார்த்துத்தான் அவருக்குப் பார்சல் வேலை கொடுத்தேன். அந்த அம்மா அடுக்கைப் பார்த்துத் திரும்பி நின்றிருந்தார், முகம் எனக்குத் தெரியவில்லை. அவர் சொன்னது இது:

"வெளிய போறப்போ இதைப் போடுங்க, வீட்டுல துணியே கட்டுங்க. முடிச்சு மட்டும் போடாதீங்க."

சிரித்துக்கொண்டு சொன்னாரா, சிடுசிடுத்துச் சொன்னாரா, தழுதழுத்துச் சொன்னாரா, தெரியாது. எங்கோ ஒரு குழந்தை அழுகிற சத்தமும் கடையின் இரைச்சலும் நடுவில் இருந்தன. நீங்கள் அந்தக் கடைசி வாக்கியத்தை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். பக்கத்தில் யார் இருந்தாலும் பரவாயில்லை. உங்கள் வாயில் அது எப்படி வருகிறதோ, அப்படித்தான் சொன்னார்.